சாப்பாட்டு டப்பாவுக்குள் என் தம்பி

என் தம்பி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறான். சில நிமிடங்களே ஓடும் ஒரு வீடியோவில், தலையில் மஞ்சள் தொப்பியோடு, பூட்டிய நிலையில். பூட்டைச் செய்தது நாங்கள். சாவியை அழித்ததும் நாங்கள். ஒரு பொருளை யாரும் பறித்துக்கொண்டு போகாதபடி வைத்திருப்பது எப்படி என்று மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தோம். வேலையில் குறை சொல்ல முடியாது. இன்றுவரை யாரும் அதைப் பறிக்கவில்லை.

நாங்கள் மட்டாஞ்சேரிக்காரர்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து அரிசிக் கிடங்கு வேலைக்கு வந்தவர் அப்பா. நானும் தம்பியும் இங்கேயே பிறந்தோம். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், சண்டை என்று வந்தால் இரண்டும். அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவோடு நாங்கள் மூன்று பேர். நான் பஜாரில் ஒரு ஆன்லைன் கடையில் இருக்கிறேன். பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் என்று யார் எதற்கு வந்தாலும் விண்ணப்பம் நிரப்பித் தருவது என் பிழைப்பு. தம்பி கட்டட வேலைக்குப் போய், மேஸ்திரியாகி, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களைச் சேர்த்து ஒரு சின்னக் கூட்டம் வைத்திருந்தான். எங்கள் சந்தின் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்த ஒருவரும் அதில் உண்டு. தம்பிதான் அவரை வேலையில் சேர்த்தான். அவருடைய மனைவி இஞ்சிக் கிடங்கில் இஞ்சி தரம் பிரிப்பவள்.

காயலுக்கு அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் கூரை இறங்கியது. தம்பியும் அந்தக் கடைசி வீட்டுக்காரரும் அதற்கடியில் செத்துப் போனார்கள். கான்கிரீட் இறுகும்வரை கூரையைத் தாங்க முட்டுக் கொடுத்திருப்பார்கள் அல்லவா, இரும்புக் குழாய்கள், அவற்றை நேரத்துக்கு முன்னாலேயே கழற்றியதால் வந்த வினை. கழற்றச் சொன்னது மேஸ்திரி என்று கான்டிராக்டர் தரப்பு அன்று சாயங்காலமே சொல்லிவிட்டது. செத்துப்போன மேஸ்திரி மறுத்துப் பேசவா போகிறான்.

மறுநாள் போலீஸ்காரர்கள் விசாரணை என்று சொல்லி அங்கே வேலை செய்த எல்லோருடைய போனையும் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் கழித்துத் திருப்பித் தந்தபோது ஒன்றிலும் ஒன்றும் இல்லை. கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கியதுபோல, எல்லாம் சுத்தம். பிள்ளைகளின் படம்கூட இல்லை என்று ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதார்.

ஆனால் ஒருவர் மட்டும் போனைக் கொடுப்பதற்கு முன் மெமரி கார்டை உருவி வைத்திருந்தார். தம்பியின் கூட்டத்திலேயே மூத்தவர். ஆதார் நகல் எடுப்பதுபோல எங்கள் கடைக்கு வந்து, பாக்குப் பொட்டலத்துக்குள்ளிருந்து நகம் அளவு கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அன்று காலை அவரே எடுத்த வீடியோ. முதலில் தரை, பிறகு யாருடைய செருப்போ, பிறகு தம்பி. அவனுக்கு முன்னால் சூபர்வைசர். பின்னால் அவனுடைய ஆட்கள் நாலைந்து பேர் நிற்கிறார்கள்.

"எடா, மேலத்த நெலைக்கு பைப்பு வேணம். இன்னு எடுக்கணும்," என்கிறார் சூபர்வைசர், மேல் மாடிக்கு முட்டுக் குழாய் வேண்டும், இன்றே கழற்று என்று.

"ஸாரே, வார்த்திட்டு நாலு திவசமே ஆயுள்ளூ. இப்ப எடுத்தா எறங்கும். ஞான் எடுக்கில்லா," என்கிறான் தம்பி, கான்கிரீட் போட்டு நாலு நாள்தான் ஆகிறது என்று. பிறகு ஆட்கள் பக்கம் திரும்பித் தமிழில், "யாரும் முட்டுல கை வைக்கக் கூடாது, கேட்டீங்களா? நான் சொல்றவரைக்கும் தொடக் கூடாது."

அவ்வளவுதான். அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து வேறு ஆட்களை விட்டுக் கழற்ற வைத்தார்களாம். திரும்பி வந்து பார்த்தவன், உள்ளே இருந்தவர்களை வெளியே இழுக்க ஓடினான் என்று அந்த மூத்தவர் சொன்னார். என் தம்பி இரண்டு பேரைக் கொல்லவில்லை, ஒருவரைக்கூடக் கொல்லவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த நகம் அளவு கார்டுதான்.

அதை உடனே ஊரெல்லாம் பரப்பியிருக்க வேண்டியதுதானே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பது சுலபம். வீடியோவில் எடுத்தவரின் குரல் இருக்கிறது. யார் எடுத்தது என்று சூபர்வைசருக்கு ஒரு நொடியில் தெரியும். எடுத்தவருக்கு அதே கான்டிராக்டரிடம்தான் வேலை, அந்த ஆள் கொடுத்த அறையில்தான் குடும்பத்தோடு படுக்கை. அவர் ஒரு நிபந்தனை வைத்தார். கோர்ட்டில் நேராகக் கொடுக்கும்வரை இது வெளியே வரக்கூடாது. அதற்கு முன்னால் அவர்கள் கையில் சிக்கும் என்று தெரிந்தால், இது இல்லாமலே போய்விட வேண்டும். நான் நகல் எடுத்துக்கொண்டதும் கார்டை வாயில் போட்டுக் கடித்து உடைத்தார். துண்டுகளை என் கண்ணெதிரே சாக்கடையில் துப்பினார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன்.

எங்களுக்கு வழக்கு நடத்தியவர் வைப்பினிலிருந்து தினமும் ஃபெரி ஏறி வருகிற ஒரு மலையாளி வக்கீலம்மா. கூலி வேலைக்காரர்களின் வழக்கென்றால் ஓடி வருவார். காவல் நிலையத்தில் கொடுத்தால் போன்களுக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும் என்று அவரே சொன்னார். அவரிடம் மட்டும் வைக்கலாம் என்றால், அவருடைய அலுவலகத்தில் ஏற்கெனவே ஒருமுறை வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இணையத்தில் பூட்டி வைக்கலாம் என்றால், கணக்கு என் பெயரில், போன் என் பெயரில், கேட்கிற விதத்தில் கேட்டால் கடவுச்சொல்லை நானே அழுதுகொண்டு சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

அப்போதுதான் மூன்றாவது ஆள் வந்தான். பாலக்காட்டுத் தமிழ்ப் பையன், சுள்ளிக்கல்லில் குடியிருக்கிறான். பையன் என்கிறேன், முப்பது வயது இருக்கும். காக்கநாட்டில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பவன். எங்கள் கடைக்குப் பிரின்ட் எடுக்க வந்து பழக்கம். அவனிடம் சொன்னபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது. எனக்குச் செத்துப்போன தம்பி. அவனுக்கு அருமையான ஒரு கணக்கு கிடைத்துவிட்டது.

"ஒரே இடத்துல வச்சாத்தானே அக்கா எடுத்துண்டு போவா? மூணு இடத்துல வைப்போம். எந்த ஒண்ணை எடுத்துண்டு போனாலும் அவாளுக்கு அது வெறும் டப்பா," என்றான்.

டப்பா என்றால் டப்பாவேதான். உள்ளே சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர், வெயிலில் சார்ஜ் ஆகும் ஒரு பேட்டரி, சிம் கார்டும் டவரும் இல்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரேடியோ. பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம், மொட்டை மாடியிலும் வைக்கலாம். முதல் டப்பாவை நான் பெருமையாக எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்து மூடினேன், உறுதியாக இருக்கட்டும் என்று. மூடிய உடனே ஊமையாகிவிட்டது. இரும்புக்குள் வைத்தால் ரேடியோ வெளியே கேட்காது என்று அவனுக்கே அப்போதுதான் நினைவு வந்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா வாங்கினோம். அவன் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஈயம் வைத்துப் பற்றவைக்க நானும் கற்றுக்கொண்டேன். விரலெல்லாம் கொப்புளம். தம்பி போன பிறகு நான் கொஞ்சம் சிரித்தது அந்த நாட்களில்தான். அதைச் சொல்ல இப்போது கூசுகிறது.

ஒவ்வொரு டப்பாவிலும் முழு வீடியோவும் பூட்டி இருக்கும். சாவி மட்டும் மூன்று துண்டு, டப்பாவுக்கு ஒரு துண்டு. இரண்டு துண்டு சேர்ந்தால்தான் பூட்டு திறக்கும். யாருக்கும் எதுவும் மனப்பாடம் இல்லை, அதனால் அடித்துக் கேட்டாலும் சொல்ல முடியாது. ஒன்று என் வீட்டு மாடியில், ஒன்று சுள்ளிக்கல்லில், ஒன்று வைப்பினில். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு டப்பாவும் மற்ற இரண்டுக்கும் 'சாயா' என்று ஒரு வார்த்தை அனுப்பும். நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். வேண்டுமென்றே அணைத்து வைப்பதானால் முன்கூட்டியே 'ஹர்த்தால்' என்று அனுப்ப வேண்டும். இந்த ஊரில் கடையடைப்பு என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை என்று சொல்லி வக்கீலம்மா வைத்த பெயர் அது.

ஹர்த்தால் சொல்லாமல் ஒரு டப்பா ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பேசாமல் இருந்தால், அதைப் பிடித்துவிட்டார்கள் என்று பொருள். இன்னொன்றும் சிக்கினால் பூட்டு திறந்துவிடும். அதனால் மிச்சமிருக்கும் இரண்டும் தங்கள் சாவித் துண்டைத் தாங்களே அழித்துவிடும். அழிப்பதற்கு முன் 'காத்திருக்கவா?' என்று கேட்கும். யாராவது பொத்தானை அழுத்தினால் இன்னொரு நாள் பொறுக்கும். இந்த விதியை மூன்று பேரும் கூடிப் பேசித்தான் வைத்தோம். கார்டைக் கடித்து உடைத்தவருக்குக் கொடுத்த வாக்கு அது. நானும் சரி என்றுதான் சொன்னேன்.

இன்னொரு விதியும் இருந்தது. நாங்கள் மூன்று பேர் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. இதில்தான் எனக்குச் சண்டை. தெருக்குழாயில் அந்தக் கடைசி வீட்டுக்காரி எங்கள் அம்மாவைப் பார்த்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள். "உங்க மகன் கூட்டிட்டுப் போயி எம்புருசனைக் கொன்னுட்டான். நீங்க எந்த மொகத்தோட இங்க தண்ணி பிடிக்க வர்றீக?" அம்மா வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு தண்ணீர் பிடிக்கவும் போகவில்லை, மாடிக்கும் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

கடைசி வீட்டுக்காரிக்கு ஒரே ஒரு தடவை காட்டிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அம்மாவுக்காவது காட்டுகிறேன் என்றேன். "கோர்ட்டில கொடுக்குன்ன வரை ஆரும் அறியண்டா மோளே. ஒரு வாய் திறந்தா பின்ன ஊரு முழுவன் அறியும்," என்றார் வக்கீலம்மா. அவர் சொன்னது உண்மை. அம்மா அதைப் பார்த்திருந்தால் நேராகக் குழாயடிக்குப் போய்க் கத்தியிருப்பாள். அதனால் அம்மாவிடம் மாடியில் இருக்கும் டப்பா கரண்ட் பில்லைக் குறைக்க வந்தது என்று சொல்லி வைத்தேன். பெற்ற மகன் பேசுவதை அம்மாவின் தலைக்கு மேலே பூட்டி வைத்துக்கொண்டு, அவள் சுவரைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு, நான் சோறு தின்றேன்.

வாய்தா மேல் வாய்தா. நீதிபதி லீவு, எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல், ஃபைல் காணவில்லை. கோர்ட்டு என்பது நம்மைக் களைக்க வைப்பதற்கென்றே கட்டின கட்டடம் என்று எனக்கு அப்போது தோன்றியது. மழைக்காலத்தில் டப்பாவுக்கு வெயில் போதாமல் அடிக்கடி மயங்கியது. அதனால் பையன் மீன்பிடிப் படகிலிருந்து கழற்றிய பழைய சோலார் பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். கதவில் பாதி இருக்கும். இரும்புச் சட்டத்தில் இடுப்பு உயரத்துக்கு நிறுத்தினோம். பேட்டரியும் பழையது, ஒரு ராத்திரியைத் தாண்டாது. தினமும் வெயில் அடித்தால் போதும் என்றான்.

கடைசியில் மழைக்காலம் போய் வெயில் காலம் வந்து, வழக்கும் எடுக்கப்படும் என்று நிச்சயமானது. அந்த மூத்தவர் அதற்குள் பயந்து ஊருக்கே போய்விட்டிருந்தார். வீடியோவை எடுத்தது நான்தான் என்று அவர் வந்து சொன்னால்தான் அது கோர்ட்டில் நிற்கும். நான் போய் அழைத்து வருவது என்று முடிவானது. அவரைத் தேடிப் போவது யாருக்கும் தெரியக் கூடாது என்பதால் போனை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அணைத்து வீட்டில் வைத்தேன். எங்கள் விதிகள் எல்லாம் அப்படி, ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும்.

கிளம்பும் முந்தின நாள் ஒரு அதிசயம் நடந்தது. அம்மா சமையலறையில் நின்று அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.

"மோளே, நல்ல வெயிலாக்கும். கூழ் காய்ச்சி வத்தல் போடலாம்னு இருக்கேன். அவனுக்கு எம்புட்டு இஷ்டம்," என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தம்பி போன பிறகு அம்மாவாக ஒரு காரியத்துக்கு எழுந்தது அதுதான் முதல் தடவை. "போடும்மா, நிறையப் போடு" என்றேன். அப்படித்தான் சொன்னேன். மறுநாள் விடிகிற நேரத்தில் அவள் கூழைக் கிண்டிக்கொண்டிருக்கும்போதே பஸ் பிடிக்கப் போய்விட்டேன். அதன் வாசனையோடுதான் படியிறங்கினேன்.

மூத்தவர் முதலில் முகம் கொடுக்கவில்லை. அவருடைய மனைவி என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கி, மறுநாள் மதியம்வரை பேசிப் பேசி, கடைசியில் மனிதர் தலையாட்டினார். "அந்த வீடியோ இருக்குல்லம்மா? அது பேசிக்கிடும். நான் பக்கத்துல நின்னா போதும்ல? கோர்ட்டு அன்னைக்கு வாரேன்," என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். சந்தோஷத்தில்தான்.

தோப்பும்படியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். துணி எடுக்கலாமென்று மாடிக்குப் போனேன். சோலார் பலகைமேல் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி விரித்திருந்தது. நான்கு மூலையிலும் கிளிப். அதன்மேல் வரிசை வரிசையாக வத்தல், அழகாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"தரையில போட்டா காக்கா விடுமா? அந்தப் பலகை நல்ல தோதா இருந்துச்சு. சூடும் இருக்கு, உசரமும் இருக்கு," என்றாள் அம்மா பின்னாலிருந்து. அவள் முகத்தில் அவ்வளவு நாளாக இல்லாத தெம்பு.

நான் வேட்டியை அப்படியே சுருட்டி எடுத்து டப்பாவைத் திறந்தேன். உயிர் இல்லை. முந்தின நாள் பகலிலேயே அடங்கியிருக்க வேண்டும். உள்ளே இருந்து வயர் எடுத்து வந்து கரண்டில் சொருகினேன். தீப்பெட்டி அளவுத் திரை விழித்துக்கொண்டு மற்ற இரண்டையும் கூப்பிட்டது. பதில் வந்தது. 'சாயா' இல்லை. சாவி அழிக்கப்பட்டது என்று சுள்ளிக்கல்லிலிருந்து ஒரு வரி, வைப்பினிலிருந்து ஒரு வரி.

படியில் உருண்டு விழாத குறையாக ஓடினேன். பையன் வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் பேயைப் பார்த்தவன்போல நின்றுவிட்டான். அவன் பார்வையில் நான் அப்போது லாக்கப்பில் இருந்திருக்க வேண்டும்.

"உங்க டப்பா பேசலை. போன் போகலை. நீங்க சாட்சியைப் பாக்கப் போயிருக்கேள். நான் உங்க சந்துக்கு வந்தேன் அக்கா, வந்து பாத்தேன். போலீஸ் ஜீப் உங்க வீட்டுப் பக்கத்துல நின்னுண்டிருந்தது. நான் என்ன நினைச்சுப்பேன், சொல்லுங்கோ."

ஜீப் வந்தது உண்மைதான். அடுத்த வீட்டுப் பையன் துபாய் போகிறான். அவனுடைய பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஜீப். அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

"நீ நின்ன இடத்துல இருந்து நாலு வீடு தள்ளித்தானே அம்மா இருந்தாங்க? ஏறி வந்து ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"சந்தேகம் வந்தா அந்த வீட்டுக்குப் போகப்படாதுன்னு நாமதானே…"

"காத்திருக்கவான்னு கேட்டுச்சா?"

"கேட்டது."

"அழுத்தலையா?"

அவன் அழ ஆரம்பித்தான். வக்கீலம்மாவிடமும் கேட்டிருக்கும், ஆனால் டப்பா வைப்பினில், அவர் நாள் முழுக்கக் கோர்ட்டில். பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது இவன் ஒருவன்தான். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், நான் எங்கோ அடி வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சாட்சியையாவது காப்பாற்றுவோம் என்று. நான் அவனைக் கன்னத்தில் அறைந்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் வாங்கிக்கொண்டான். அவன் செய்தது ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தப்பு செய்திருந்தால் வெறுத்துவிட்டாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் டப்பாவில் சாவியின் ஒரு துண்டு இருக்கிறது. ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உலகத்தில் எந்தக் கொம்பனாலும் முடியாது என்று அவன் அன்று பெருமையாகச் சொன்னது அப்படியே பலித்தது. கடைக் கம்ப்யூட்டரைத் தோண்டிப் பார்த்தோம். டப்பாக்களில் பூட்டிய அன்றே நான் அதைத் தடம் இல்லாமல் துடைத்திருந்தேன், அவன் சொல்லிக் கொடுத்த முறையில். கோர்ட்டில் போட்டுக் காட்டுவதற்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை. மூத்தவருக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப நான் எதுக்கும்மா வரணும்?" என்று மட்டும் கேட்டார். அவர் வரவில்லை. வழக்கில் மேஸ்திரியின் கவனக்குறைவு என்றே பதிவானது.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. சுருட்டிய வேட்டியிலிருந்து உடைந்துபோகாத வத்தலையெல்லாம் பொறுக்கி எடுத்து, மறுநாளும் வெயிலில் வைத்து, டின்னில் போட்டு வைத்தாள். வேறு வேலை இல்லாதவள்போல நான் ஏன் அதைச் சுருட்டினேன் என்று திட்டினாள். பொரித்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்தாள். தின்றேன். உப்பும் காரமும் சரியாக இருந்தது, தம்பிக்குப் பிடிக்கிற பக்குவம். தண்ணீரைக் குடித்து இறக்கினேன்.

இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இஞ்சிக் கிடங்குக்குப் போனேன். கடைசி வீட்டுக்காரி முற்றத்தில் இஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். மற்ற பெண்கள் கேட்கட்டும் என்றுதான் நான் சத்தமாகவே சொன்னேன். தம்பி தொடாதே என்று சொன்னதை, வீடியோவை, டப்பாக்களை, அது போன விதத்தை, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதைபோலக் கேட்டது. வத்தலால் போச்சு என்று யார் நம்புவார்கள்?

அவள் கையில் இருந்த இஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த வீடியோவுல அவரும் இருந்தாரா அக்கா?"

"இருந்தார். தம்பிக்குப் பின்னாடி நின்னார்."

"பேசுனாரா?"

ஏதோ சொன்னார். அது எனக்குத் தெரியும். தம்பி பேசி முடித்ததும் பின்னாலிருந்து அவர் ஏதோ சொல்ல, யாரோ சிரிப்பார்கள். பூட்டுவதற்கு முன்னால் அந்த வீடியோவை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தம்பியின் வாயைப் பார்த்திருக்கிறேன், தொப்பியைப் பார்த்திருக்கிறேன், அவன் கையை ஆட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது என்ன என்று ஒரு தடவைகூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

"நினைவில்லை," என்றேன்.

"சரி. என்ன சட்டை போட்டிருந்தாரு? அன்னைக்கு நான் வெள்ளன வேலைக்கு வந்துட்டேன். அவரு கெளம்பிப் போறதைப் பாக்கலை."

அவள் கண்ணில் அப்போது கோபம் இல்லை. நான் எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக, முகத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். இதையாவது கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தவிப்பு.

"நீலச் சட்டை," என்றேன்.

"அவர்ட்ட நீலச் சட்டையே கெடையாதுக்கா," என்று சொல்லிவிட்டு, கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இஞ்சியைப் பிரிக்கத் தொடங்கினாள்.